சோளக் கடலின் நடுவே ஒரு செக்கு

சிக்காகோ நகரைவிட்டுத் தெற்கு நோக்கிப் புறப்படும் பிரயாணி ஒரு மணித்தியாலத்துக்குள் வேறோர் உலகத்துள் புகுந்துவிடுகிறான். வானளாவிய மாளிகைகள் மறைகின்றன, ஏரிக்காற்று நின்றுவிடுகிறது. அதன்பின் வழி முழுவதும் ஒன்றே காட்சி: இடப்புறமும் சோளம், வலப்புறமும் சோளம். இடையிடையே சோயா அவரை. மலை இல்லை; காடு இல்லை. தூரத்தே ஒரு வெண்ணிறத் தானியக் களஞ்சியம் கோபுரம்போலத் தோன்றும். அதனை அடைந்து கடந்தால், அடுத்த களஞ்சியம் அடிவானத்திலே தலைகாட்டும்.

நாம் ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துக்குச் சென்றது ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில். பயிர் முற்றிக் காய்ந்து, வைக்கோல் நிறமாய் நின்ற காலம். வீடு ஒன்று நகர்ந்து வருவதுபோன்ற அறுவடை இயந்திரங்கள் வயல்களிலே புழுதி கிளப்பி ஊர்ந்துகொண்டிருந்தன. பொத்தியை ஒடிப்பதும், உரிப்பதும், மணியை உதிர்ப்பதும் அந்த ஓர் இயந்திரமே. வண்டியை ஓட்டுகிற ஒருவரைத் தவிர வயலில் மனித முகம் எதனையும் நாம் காணவில்லை.

சோளம் என்று நாம் இங்கே குறிப்பது இறுங்கை அன்று. பொத்தியாய்க் காய்க்கும் பெருஞ்சோளத்தையே. தமிழகத்தார் இதனை மக்காச்சோளம் என்பர். சுட்டும் அவித்தும் உண்பதற்கும், கோழிக்குப் போடுவதற்கும் உரிய தானியமாகவே எம்மவரிற் பலர் இதனை அறிவர். இதிலிருந்து எண்ணெயும் பிழிகிறார்கள் என்பதை எம் மருமகன் எழுதிய கடிதம் ஒன்றிலேதான் நாமும் முதன்முதலாகக் கருத்தூன்றிப் படித்தோம். அந்த எண்ணெயைக் காணவே இந்தப் பயணம்.

மருமகன் என்றது எம் தமக்கையாரின் புதல்வனை. அர்பானாவிலுள்ள இலினோய்ப் பல்கலைக்கழகத்திலே பொறியியல் பயில்கிறான். அவன் தந்தையார், எம் அத்தான், வவுனியாப் பகுதியிலே கமஞ் செய்பவர். 2018ஆம் ஆண்டின் இறுதியிலே இலங்கையின் சோளப் பயிரைப் படைப்புழு அரித்த காலத்தில் அவருடைய சேனையும் தப்பவில்லை. அதன்பின் பயிர் மீண்டும் தலையெடுத்தபோதிலும், தீவனத்துக்கு விற்றுவரும் பணத்தில் மனநிறைவு கொள்ள அவராலும் அயற் கமக்காரராலும் முடியவில்லை. "பிள்ளை படிச்சு வரட்டும், சோளத்திலை எண்ணெய் பிழிகிற ஆலை ஒன்று போடுவம்" என்று ஊரிலே பேச்சு எழுந்தது. பேச்சு நாளடைவில் நம்பிக்கையாயிற்று. நம்பிக்கை அந்த இளைஞனின் தோளில் ஒரு பாரமாய் ஏறியிருந்தது.

நிழல் விழக்கூடாத வயல்

அர்பானாவை அடைந்ததும் மருமகன் எம்மை முதலில் அழைத்துச் சென்றது ஆய்வுகூடத்துக்கு அன்று. பல்கலைக்கழகத்தின் நடுவிலே கிடக்கும் ஒரு சிறு சோள வயலுக்கே. சூழவும் செங்கற் கட்டடங்கள், மாணவர் கூட்டம், நடுவே சோளப் பயிர். 'மோரோ வயல்' என்று வழங்கும் அந்நிலத்திலே 1876ஆம் ஆண்டு தொடங்கிய பரிசோதனை இன்றும் நடந்துவருகிறது. ஒரு பாத்தியில் ஆண்டுதோறும் சோளம். மற்றப் பாத்திகளில் மாற்றுப் பயிர்கள். ஒரே பயிரை ஓயாது விதைத்தால் மண் என்னாகும் என்ற வினாவுக்கு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த வயல் விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

வயலின் அருகே 1969ஆம் ஆண்டிலே நூலகம் ஒன்றைக் கட்டியபோது, கட்டடத்தின் நிழல் பயிரின்மேல் விழலாகாது என்று கருதி, அதனை நிலத்தின் அடியிலே அமைத்தார்கள். நூலகத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டுச் சோளத்துக்கு வெயிலை விட்டுக்கொடுத்த ஊர் அது! உழவுக்கு வந்தனை செய்யும் மரபிலே பிறந்த எமக்கு அச்செய்தி மிகவும் உவப்பளித்தது.

இதே பல்கலைக்கழகத்திலே 1896ஆம் ஆண்டு சிரில் ஹொப்கின்ஸ் என்ற அறிஞர் மற்றொரு பரிசோதனையைத் தொடக்கிவைத்தார். சோள மணிகளின் எண்ணெயை அளந்து, எண்ணெய் மிகுந்த பொத்திகளின் விதையை ஒருபுறமும், குறைந்தவற்றின் விதையை மறுபுறமும் தெரிந்து, ஆண்டுதோறும் விதைத்துவருவதே அதன் முறை. தொடக்கத்தில் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவாயிருந்த எண்ணெய், நூறு தலைமுறைகளுக்குப்பின் ஒரு கிளையிலே இருபதையும் தாண்டியது. மற்றக் கிளையிலோ ஏறக்குறைய இல்லையென்றாயிற்று. ஆனால் எண்ணெய் மிகுந்த கிளையிலே விளைச்சல் குறைந்துவிட்டது. ஒன்றைக் கேட்டால் மற்றொன்றை விலையாகக் கேட்கிறது இயற்கை.

மணிக்குள்ளே ஒரு மணி

மறுநாட் காலை ஆய்வுகூடத்துக்குச் சென்றோம். அங்கே மருமகன் எம் கையில் ஒரு சோள மணியை வைத்து, நகத்தாற் பிளந்து காட்டினான். உள்ளே, காம்புப் பக்கமாக, இளமஞ்சள் நிறத்திலே ஒரு சிறு துண்டு பதிந்திருந்தது. அதுவே முளைக்கரு. முளைத்து எழவேண்டிய பயிர் அதனுள்ளேதான் உறங்குகிறது.

மணியின் எடையிலே நூறில் பன்னிரண்டு பங்குக்கு மேற்படாத அந்தக் கருவிலேதான் மணியிலுள்ள எண்ணெயின் பெரும்பங்கு, நூறில் எண்பதுக்கு மேல், அடங்கியிருக்கிறது. எஞ்சிய பெரும்பகுதி மாப்பொருள், சிறிது புரதம், மேலே தோல். ஆகையால் முழுச் சோளத்தையும் செக்கில் இட்டால் மாவன்றி எண்ணெய் வராது. முதலில் கருவைத் தனியாகப் பிரிக்கவேண்டும். எள்ளுக்கு இல்லாத தொல்லை இது. எள்ளிலே பாதி எண்ணெய். கழுவிக் காயவைத்து அப்படியே செக்கிலிடலாம்.

கருவைப் பிரிப்பதற்கு இருவழிகள் உண்டு. மணியைச் சற்றே ஈரமாக்கி உடைத்து, சலித்தும் தூற்றியும் பிரிப்பது ஒன்று. அது எளிது, ஆனால் கருவோடு மாவும் தோலும் ஒட்டிவருவதால், அதில் எண்ணெய் நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து அளவே இருக்கும். மற்றது ஊறவைத்து அரைக்கும் முறை. இதிலே கிடைக்கும் கருவில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். மருமகன் மேற்கொண்டது இரண்டாம் முறையை.

ஐம்பது கிலோகிராம் சோளத்தை, சிறிதளவு கந்தகவீரொட்சைட்டு கரைத்த நீரிலே, ஐம்பது பாகை செல்சியஸ் வெப்பத்தில், நாற்பது மணித்தியாலம் ஊறவைத்திருந்தான். அந்த நீரிலே, தயிரைப் புளிக்கவைக்கும் வகையைச் சேர்ந்த பற்றீரியாக்கள் பெருகித் தம் தொழிலைச் செய்கின்றன. மருந்தும் புளிப்பும் கூடி, மாவை இறுகப் பற்றியிருக்கும் புரதத்தின் பிடியைத் தளர்த்துகின்றன. ஊறிய மணியைத் திரிகைபோன்ற பல்லுள்ள தகடுகளுக்கிடையே பதமாய் உடைக்கவேண்டும். கரு நசுங்கலாகாது, நசுங்கினால் எண்ணெய் மாவோடு கலந்து போய்விடும். ஊறிய கரு றப்பர்போல் மெத்தென்றிருப்பதால் நசுங்காமல் தப்புகிறது.

அதன்பின் நிகழ்வது அழகிய காட்சி. மாக் கலந்த நீர் கனமானது. எண்ணெய் நிறைந்த கரு இலேசானது. ஆகவே கரு மேலே மிதந்துவருகிறது! அரிக்கன் சட்டியிலே அரிசியைக் களைந்து கல்லை ஒதுக்கும் எம் இல்லத்தரசிகள், கனமும் இலேசும் நீரிலே பிரியும் இந்தக் கலையை நன்கறிவர். முன்னாளிலே தொழிற்சாலைகளும் பெருந்தொட்டிகளில் இவ்வாறே கருவை மிதக்கவிட்டு வழித்தெடுத்தன. இக்காலத்திலோ கூம்புவடிவக் குழாய்களில் நீரைச் சுழலவிடுகிறார்கள். சுழற்சியிலே கனமானது ஓரமாகக் கீழிறங்க, இலேசான கரு நடுவே மேலேறிவிடுகிறது.

திருகுச் செக்கு

பிரித்த கருவை அலசி, மாப்போக்கி, உலர்த்தி வைத்திருந்தான். மூன்றரைக் கிலோகிராம் இருக்கும். ஐம்பது கிலோவிலிருந்து அவ்வளவுதான். அதனை ஆட்டும் யந்திரம் ஒரு மேசையின்மேல் இருந்தது.

எமது நாட்டுச் செக்கை வாசகர்களில் மூத்தோர் கண்டிருப்பர். நடுவிலே உரல், அதனுள்ளே சாய்ந்து சுழலும் உலக்கை, உலக்கையோடு பிணைத்த பாரம், பாரத்தை இழுத்து நாள் முழுவதும் வட்டமிடும் மாடு. அந்தப் பாரம் எத்தகையது என்பதற்கு ஒன்று சொன்னாற் போதும்: 1908ஆம் ஆண்டு சிறைப்பட்ட வ. உ. சிதம்பரம்பிள்ளையைக் கோயம்புத்தூர்ச் சிறையிலே மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைத்தார்கள். அக்கொடுமையாலேயே அவர் 'செக்கிழுத்த செம்மல்' என்று பெயர் பெற்றார்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் நீரழுத்த யந்திரங்களே எண்ணெய் பிழிந்தன. விதைமாவைத் துணியிலே பொதிந்து, தகடுகளுக்கிடையே அடுக்கி, அழுத்தி, பின் அடுக்கைக் கலைத்துப் பிண்ணாக்கை உரித்தெடுக்க வேண்டும். ஒவ்வோர் ஈடும் பெரும்பாடு. ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரினரான வலேரியஸ் அண்டர்சன் என்பவர் 1900ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற 'எக்ஸ்பெலர்' அந்தப் பாட்டை ஒழித்தது. நிறுத்தாமலும் கலைக்காமலும், ஒருபுறம் விதையைக் கொட்டக்கொட்ட, மறுபுறம் பிண்ணாக்கு வந்துகொண்டேயிருக்கும் செக்கு அது.

அதன் தத்துவம் எளியது. இரும்புச் சட்டங்களை மயிரிழை இடைவெளி விட்டு அடுக்கிய ஓர் உருளைக்கூடு. அதனுள்ளே சுழலும் ஒரு திருகாணி. திருகாணி விதையை முன்னே தள்ளுகிறது. செல்லச்செல்லக் கூட்டுக்கும் திருகாணிக்கும் இடையிலுள்ள இடம் சுருங்குகிறது. வாயிலையும் ஒரு கூம்பு நெருக்கிப் பிடித்திருக்கிறது. போக இடமின்றி நெருங்கும் விதை தன்மேல் தானே உராய்ந்து சூடேறுகிறது. எண்ணெய் இடைவெளிகளால் கசிந்து கீழே வடிகிறது. பிண்ணாக்கு வாயிலால் தகடு தகடாய் வெளியேறுகிறது.

மருமகன் ஆளியை அழுத்தினான். கருவைக் கொட்டினான். நாம் மூச்சடக்கிப் பார்த்து நின்றோம்.

வாயிலிலே தகடு வரவில்லை. களிபோன்ற ஒரு பசை நெளிந்து வந்தது. சட்டங்களின் இடைவெளியாலும் எண்ணெய்க்குப் பதிலாகப் பசையே பிதுங்கிற்று. யந்திரம் முனகத் தொடங்கியது. அவன் முகம் வாடியது. நாற்பது மணித்தியாலம் ஊறவைத்த ஒரே ஈடு அது.

எமக்கு உடனே ஊர்ச் செக்கடி நினைவுக்கு வந்தது. எள்ளு ஆட்டும்போது, பிண்ணாக்குத் திரண்டு எண்ணெய் பிரிவதற்காகச் செக்கர் சிறிது வெந்நீர் தெளிப்பதையும், பனங்கட்டி இடுவதையும் சிறுவயதிலே பார்த்திருக்கிறோம். அந்த அனுபவத்தை அவனுக்கு எடுத்துச் சொல்லி, "கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாரேன்" என்றோம்.

அத்தனை கவலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொறுங்கோ மாமா! அது எங்கட செக்குக்குச் சரி. அங்கை தண்ணி துணை, இங்கை தண்ணிதான் பகை" என்றான்.

அவன் விளக்கியதன் சாரம் இது. செக்கிலே உலக்கை மெதுவாய் இடித்துக் குழைக்கிறது. அந்தக் குழைவிலே சிறிது நீர் எண்ணெயை விதையினின்றும் விடுவிக்கிறது. திருகுச் செக்கோ உராய்வினாலே வாழ்வது. கருவிலே ஈரம் மிகுந்தால் அது வழுக்குகிறது. திருகாணியோடு கூடவே சுழல்கிறதேயன்றி முன்னே நெருங்குவதில்லை. நெருக்கமில்லையேல் அழுத்தமில்லை, அழுத்தமில்லையேல் எண்ணெயில்லை. நூற்றுக்கு மூன்று பங்கு ஈரமே பதம். மிக உலர்ந்தால் கருகும்; மிக ஈரமானால் களியாகும். உலர்த்தியின் மேற்றட்டிலே ஈரத்தை அளந்து பார்த்தவன், அடித்தட்டில் அளக்கத் தவறிவிட்டான்.

யந்திரத்தைக் கழற்றிச் சுத்தஞ் செய்ய இரண்டு மணித்தியாலம் சென்றது. அரைக் கிலோகிராம் கரு பாழாயிற்று. எஞ்சியதைப் பரப்பி உலர்த்தி, ஒவ்வொரு தட்டாக அளந்து, சூடாக்கி, மாலை நான்கு மணியளவில் மீண்டும் ஆளியை அழுத்தினான். இம்முறை ஓசையே வேறு. சிறிது நேரத்தில் வாயிலிலே அப்பளத் துண்டுகள்போல் தகடுகள் உதிர்ந்தன. சட்டங்களின் கீழே முதலிலே ஒரு மினுக்கம். பின்பு ஒரு துளி. பின்பு நூலிழைபோல ஓர் ஒழுக்கு. செம்பழுப்பு நிறம். தணலிலே சுட்ட சோளப்பொத்தியின் வாசனை அறை முழுவதும் பரவிற்று.

விரலால் தொட்டு நாவில் வைக்க முனைந்த எம்மை அவன் தடுத்துவிட்டான். நல்லெண்ணெயைப்போலச் செக்கடியிலிருந்து நேரே சமையலறைக்குப் போகும் எண்ணெயன்று இது. பிசினைப் போக்கி, காரமிட்டு அமிலத்தை நீக்கி, நிறம் போக்கி, குளிரவைத்து மெழுகைப் பிரித்து, நீராவியினால் மணத்தையும் அகற்றிய பின்னரே கடைக்கு வரும் தெளிந்த மஞ்சள் எண்ணெயாகிறது. தொழிற்சாலைகளிலே பிண்ணாக்கில் எஞ்சியிருக்கும் எண்ணெயையும் எக்சேன் என்ற திரவத்தாற் கரைத்தெடுத்து விடுவதுண்டு.

வடிந்ததை அவன் அளந்தான். ஒன்றரைப் போத்தல். காலையில் நேர்ந்த இழப்பு இல்லாதிருப்பினும் இரண்டு போத்தலை எட்டியிராது. அதனை அவன் குறிப்பேட்டிலே எழுதினான். எழுதிய பின்னும் நெடுநேரம் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டிக்கேட்டர் நகரம்

"ஒன்றரைப் போத்தலுக்காக இந்த நாட்டார் இத்தனை பாடுபடுகிறார்களா?" என்று கேட்டோம். "நாளைக்கு டிக்கேட்டருக்குப் போவம். பார்த்தால் விளங்கும்" என்றான்.

அர்பானாவிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய எண்பது கிலோமீற்றர் தொலைவிலே, சங்கமன் ஆற்றங்கரையில் இருக்கிறது டிக்கேட்டர். 1830ஆம் ஆண்டிலே ஆபிரகாம் லிங்கனின் குடும்பம் இலினோய்க்கு வந்தபோது முதலிற் குடிசை அமைத்தது இந்நகருக்கு அண்மையிலேதான். எழுபதினாயிரம் மக்கள் வாழும் ஊர். ஊரைக் காணுமுன் ஊரின் மணம் வந்து எதிர்கொள்கிறது. அவித்த சோளம், புளித்த மா, வறுத்த தவிடு ஆகிய மூன்றும் கலந்ததோர் மணம் அது. எமக்கு அது முதலிற் குமட்டியது. பின்பு பசியைக் கிளப்பியது!

ஓகஸ்டஸ் ஸ்டேலி என்பவர் 1912ஆம் ஆண்டு இங்கே சோளத்திலிருந்து மாப்பொருள் எடுக்கும் ஆலையை இயக்கத் தொடங்கினார். சோள ஆலைகள் நீரை ஆறு ஆறாய்க் குடிப்பவை. 1920களின் தொடக்கத்திலே சங்கமன் ஆற்றை மறித்து நகரத்தார் பெருங்குளம் ஒன்றை அமைத்தனர். 1922இல் அதே ஆலை சோயா அவரையையும் ஆட்டத் தொடங்கிற்று. அவ்வாலையின் தொழிலாளரைக்கொண்டு 1919இல் அமைத்த உதைபந்தாட்டக் குழுவே, 1921இல் சிக்காகோவுக்குப் பெயர்ந்து, இன்று 'சிக்காகோ பெயார்ஸ்' என்று அமெரிக்கா எங்கும் புகழ் பெற்றிருக்கிறது. அவர்கள் ஆட்டத்திலே பந்தைக் காலைவிடக் கையே மிகுதியும் தீண்டும் என்பதை இளம் வாசகர்களுக்குச் சொல்லிவைக்கிறோம்.

ஆலைப் பகுதியின் மேலாகச் செல்லும் நெடும்பாலத்திலே நின்று பார்த்தோம். கீழே தண்டவாளங்கள், அவற்றின்மேல் முடிவில்லாத புகைவண்டிப் பெட்டிகள், இருபுறமும் குழாய்களும் தொட்டிகளும் நீராவியும். பக்கத்தே 1930இல் எழுப்பிய உயர்ந்த அலுவலக மாளிகை, சோள வயல்களின் நடுவிலே ஒரு கோட்டைபோல நிற்கிறது. ஆலை இக்காலத்திலே கைமாறிப் பெயரும் மாறிவிட்டது, தொழில் மாறவில்லை.

பாலத்திலே நின்றபடி மருமகன் கணக்குச் சொன்னான். ஒரு புசல் சோளம் ஐம்பத்தாறு இறாத்தல். அதிலிருந்து ஏறக்குறைய முப்பத்தொன்றரை இறாத்தல் மாப்பொருள் கிடைக்கிறது. அதனைப் பாகாகவும் இனிப்பாகவும் மதுசாரமாகவும் மாற்றுகிறார்கள். பதினைந்து இறாத்தல் கால்நடைத் தீவனம். எண்ணெயோ ஒன்றரை இறாத்தல்!

"பார்த்தீர்களோ மாமா? இவர்கள் எண்ணெய்க்காகச் சோளத்தை அரைக்கேல்லை. அரைக்கிற சோளத்திலை எண்ணெயும் கிடைக்குது."

இத்தொழிலின் மருமம் முழுவதும் அந்த வாக்கியத்திலே இருப்பதாக எமக்குப் பட்டது. பழைய மா ஆலைகளுக்குக் கரு ஒரு தொல்லையாகவே இருந்தது. மாவோடு கலந்தால் எண்ணெய் சிக்குப்பிடித்து மாவைக் கெடுக்கும். நீக்கவேண்டிய அந்தப் பொருளிலே பணம் இருப்பதை உணர்ந்து, 1898ஆம் ஆண்டளவில் இந்தியானா மாநிலத்து ரெறெஹோட் நகரிலே ஹட்னட் என்ற ஆலைக் குடும்பத்தினர் சோள எண்ணெயை வாணிகப் பொருளாக்கினர். 1911இல் 'மசோலா' என்ற பெயரிலே அது அமெரிக்கச் சமையலறைகளுக்குள் புகுந்தது. இந்த நூற்றாண்டிலோ, சோளத்தை மதுசாரமாக்கும் ஆலைகள் எஞ்சிய கூழைச் சுழற்றி அதிலிருந்தும் எண்ணெயைப் பிரிக்கின்றன. அது பெரும்பாலும் எரிபொருளுக்கும் தீவனத்துக்கும் போகிறது.

டிக்கேட்டரின் கதையிலே துன்பமான ஏடும் ஒன்று உண்டு. 1993ஆம் ஆண்டு ஜூன் மாதம், பன்னிரண்டு மணித்தியால மாறுநேர வேலை, பாதுகாப்பு முதலியவை பற்றிய பிணக்கு முற்றி, இந்தச் சோள ஆலை நிர்வாகம் தன் தொழிலாளர் ஏறக்குறைய 760 பேரை வெளியே நிறுத்திக் கதவடைத்தது. மறு ஆண்டிலே நகரின் வேறு இரண்டு பெருந் தொழிற்சாலைகளிலும் வேலைநிறுத்தம் நடந்தது. 'போர்க்களம்' என்றே தொழிலாளர் தம் நகரத்தை அக்காலத்தில் அழைத்தனர். முப்பது மாதங்கள் கழித்து, 1995 டிசம்பரிலே, தொழிலாளர் நிர்வாகத்தின் நிபந்தனைகளை ஏற்க வாக்களித்தனர். முன்னைய வேலைக்கு மீண்டோர் சிலரே. மெய்யான போர்க்களங்களைக் கண்ட நாட்டிலிருந்து சென்ற எமக்கு, அப்பெயர் முதலிலே மிகையாகத் தோன்றியது. பாலத்தின்கீழ் அந்த வாயிலைப் பார்த்து நின்றபோது, இரண்டரை ஆண்டுகள் சம்பளமின்றி இருந்த வீடுகளின் அடுப்பங்கரைகளை நினைத்தோம். மிகையென்ற எண்ணம் அகன்றுவிட்டது.

காலையில் ஒரு கேள்வி

அன்றிரவு மருமகனின் அறையிலே அமர்ந்திருந்தோம். மேசைமேல் குறிப்பேடு விரிந்து கிடந்தது. ஐம்பது கிலோ சோளத்துக்கு இரண்டு போத்தலும் இல்லை. அதே ஐம்பது கிலோ எள்ளென்றால், ஊர்ச் செக்கே இருபத்தைந்து போத்தலுக்குக் குறையாமல் தரும். சோளத்திலே எண்ணெய் எடுப்பதென்றால் ஊறவைக்கத் தொட்டி வேண்டும், மருந்து வேண்டும், குளக்கணக்கில் நீர் வேண்டும், சுத்திகரிப்பு ஆலை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சிய மாவையும் தவிட்டையும் தொன் கணக்கிலே வாங்குவோர் வேண்டும். டிக்கேட்டரிலே இவை யாவும் உண்டு. வவுனியாவிலே ஒரு கமக்காரர் கூட்டம் இவற்றை எங்ஙனம் தேடும்?

"அங்கை எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கினம், மாமா. இதை எப்படிச் சொல்லுறது?" என்றான்.

"வாங்கிய கடனை அடைக்கமுடியாமல் நிற்கும்போது சொல்வதைவிட, இப்போது சொல்வது எளிதல்லவா?" என்றோம். வேறு ஆறுதல் எமக்குத் தெரியவில்லை.

இரவு ஒன்பது மணி. இலங்கையிலே அப்போது மறுநாட் காலை. அத்தான் தேநீர் அருந்திச் சேனைக்குப் புறப்படும் நேரம். மருமகன் தொலைபேசியை எடுத்தான். சுற்றிவளைக்காமல் சொன்னான். சோளத்திலே எண்ணெய் எடுத்ததையும், எடுத்த அளவையும், ஆலை போட்டால் கடனே மிஞ்சும் என்பதையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். திருகுச் செக்கு ஈரத்தால் அடைத்துக்கொண்டதையும், நாம் தண்ணீர் தெளிக்கச் சொன்னதையும்கூட மறைக்கவில்லை.

மறுமுனையில் நெடுநேரம் ஒலியில்லை. முற்றத்திலே ஒரு சேவல் கூவுவது மட்டும் எமக்கும் கேட்டது. நாம் மருமகனின் முகத்தைப் பார்க்கத் துணியாமல், சாளரத்துக்கு வெளியே நோக்கியிருந்தோம்.

பின்பு அத்தானின் குரல் வந்தது. அதிலே மனத்தாங்கல் இல்லை. நாளைய வேலையை இன்றே எண்ணும் கமக்காரனின் நிதானமே இருந்தது.

"அப்ப தம்பி, அந்த மெசின் எள்ளுக்குச் சரிவருமோ?"

மருமகன் பக்கத்தைப் புரட்டி, வெறுந்தாளிலே 'எள்ளு' என்று எழுதி, அதன்கீழே கோடு கிழித்தான்.